மேல் அறைக்குப் புதுச் சுண்ணாம்பு

வட இத்தாலி, கி.பி. 408

ஆகஸ்ட் 4

லூப்பஸ் கிளம்பும்போது, "நான் இல்லாதப்ப வீட்ல நடக்கறதெல்லாம் எழுதி வைங்கம்மா, வந்து படிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். பெற்ற பிள்ளை கேட்டானே என்று எழுதுகிறேன். இல்லாவிட்டால் நகரசபைத் தலைவரின் பெண்டாட்டிக்கு உட்கார்ந்து கிறுக்க ஏது நேரம்?

மலைக் கணவாய்க் கோட்டையில் அவனுக்குச் சின்ன அதிகாரி வேலை. பெயர்தான் ரோமாபுரிப் படை. அங்கே ஈட்டி பிடித்து நிற்பவர்களில் பாதிக்கு மேல் கோத்துகள். காட்டிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகளுக்குப் படைக்குப் போகக் கை வலிக்கிறது. கட்டைவிரலை வெட்டிக்கொண்டாவது வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அதனால் கூலிக்கு அவர்கள் நிற்கிறார்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளை நாம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் இப்படி. படைக்காரன் ஒருவன் நம் வீட்டில் தங்கினால் வீட்டை மூன்று பங்காக்க வேண்டும். முதல் பங்கை வீட்டுக்காரன் எடுக்கலாம். இரண்டாவதை வந்தவன் எடுப்பான். மிச்சம் வீட்டுக்காரனுக்கு. இவர் என்ன செய்தார்? "முதல்ல எனக்கு உக்கிராணம்" என்றார்! எண்ணெய்ச் சாடிகளைக் காட்டான் குடித்துவிடுவானாம். விதிமர் என்ற அந்தக் கோத்துக்காரன் சிரித்துக்கொண்டே மேல் அறையைக் கை காட்டினான். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும் அறை. குளிர்காலத்தில் சுவருக்குள்ளிருந்து சூடு ஏறும் அறை. என் அறை. இரண்டு வருஷமாக நான் சமையலறைக்குப் பின்னால் புகையில் படுக்கிறேன். நினைத்தாலே வயிறு எரிகிறது.

போதாக்குறைக்கு, வீடு ஒதுக்குகிற தங்கல் அதிகாரி போன வாரமும் வந்து வாசல் நிலையில் கரியால் பெரிதாக "விதிமர், குடும்பத்துடன்" என்று எழுதிவிட்டுப் போனான். அதை அழித்தால் கள்ளப் பத்திரம் எழுதிய குற்றமாம். நம் வாசலில் நம் பெயர் இல்லை, அவன் பெயர்.

லூப்பஸும் விதிமரும் ஒன்றாகத்தான் கோட்டைக்குப் போனார்கள். விதிமர் வாசலில் நின்று, "உங்க புள்ளைய நான் பார்த்துக்கறேம்மா. என் பொண்டாட்டியையும் புள்ளையையும் நீங்க பார்த்துக்கங்க" என்றான். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆகஸ்ட் 9

விதிமரின் பெண்டாட்டி ஸ்வின்தா தலைக்கு வெண்ணெய் தடவுகிறாள். எண்ணெய் இல்லை, வெண்ணெய். வெயிலில் அது உருகி வருகிற நாற்றம் மாடிப்படி முழுக்க. சொன்னால், "குளிர் ஊர்ல பழக்கம்மா" என்று சிரிக்கிறாள். இது குளிர் ஊரா?

அவள் பெண் கில்டாவுக்கு ஐந்து வயது. சணல் நிறத் தலை. இன்று நான் தோட்டத்திலிருந்து அடிமை டாமாவைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே மாடியிலிருந்து ஒரு குரல்: "டாமா! சோம்பேறி! வாடா இங்க!" அச்சு அசல் என் குரல். டாமா பாவம், "இதோ வந்துட்டேம்மா" என்று ஓடிவந்து நடுமுற்றத்தில் முழித்துக்கொண்டு நின்றான். சமையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அதற்கு இடம் கொடுத்தால் தலையில் ஏறி உட்காரும்.

ஆகஸ்ட் 15

இவர் நான்கு பேருக்கு விருந்து வைத்தார். மீன் குழைந்துவிட்டது. சமையல்காரிக்கு இரண்டு போட்டேன்.

பேச்செல்லாம் சாம்ராஜ்யம் ஏன் சரிகிறது என்பது பற்றி. குடித்தால் இவர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. இவர், "வரி, வரி! வரி போட்டே கொன்னுட்டான்" என்றார். (இவர் கடைசியாக எப்போது வரி கட்டினார் என்று கேட்டால் யோசிக்க வேண்டும்.) இலக்கண வாத்தியார், "பழைய தெய்வங்களைத் தெருவுல விட்டோம், அதான்" என்றார். பாதிரியார், "இன்னும் முழுசா விடலையே, அதான்" என்றார். இவருடைய கூட்டாளி, சுண்ணாம்புக் காளவாய் வைத்திருப்பவர், "காட்டானுங்களைப் படையில சேர்த்ததுதான் மூல காரணம்" என்று மேசையைத் தட்டினார். அவர் காளவாயில் பழைய கோவில் சலவைக்கல் சிலைகளைப் போட்டு எரித்துத்தான் சுண்ணாம்பு எடுக்கிறார். ஊர் மதில் சுவரின் தெற்குப் பக்கக் கல்லைப் பெயர்த்து எங்களுக்குக் குளியலறை கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். நல்ல குளியலறை, குறை சொல்லக் கூடாது.

அப்போது பார்த்து ஸ்வின்தா தண்ணீர் எடுக்க முற்றத்தைத் தாண்டினாள். பேச்சு காதில் விழுந்திருக்கிறது. நின்றாள். "எங்க ஆளுங்க கணவாய்ல இல்லன்னா நாளைக்கு அங்க யாருங்க நிப்பாங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கூட இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரி.

அவள் போனதும் காளவாய்க்காரர், "பார்த்தீங்களா திமிரை" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நம் வீட்டிலேயே நம்மை வாயடைக்க வைத்துவிட்டாளே.

ஆகஸ்ட் 26

அரண்மனையில் பெரிய சேனாதிபதியின் தலையை வெட்டிவிட்டார்களாம். பாதி காட்டான் ரத்தம் உள்ளவர், கோத்துகளோடு சேர்ந்து சதி செய்தார் என்று பேச்சு. இத்தனை வருஷம் நம்மைக் காத்தவர் என்றும் பேச்சு. இரண்டில் எது உண்மையோ, தலை போனது போனதுதான்.

கடைத்தெருவில் கோத்துக் குடும்பங்களுக்கு ரொட்டி விற்கவில்லை. ஸ்வின்தா வெறுங்கையோடு திரும்பினாள். நம் ரொட்டியில் பாதியைக் கொடுக்கச் சொல்லி டாமா கேட்கிறான், அவனுக்கு என்ன வந்தது? அவன் பெண்டாட்டிக்கும் பெண்ணுக்கும் காய்ச்சலாம். அவர்களை முதலில் பார்க்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 28

பக்கத்து நகரத்தில் நம் சிப்பாய்கள் கோத்துக் குடும்பங்களை வெட்டிப் போட்டார்களாம். படைக்காரர்களை இல்லை, அவர்கள் எல்லையில் இருக்கிறார்கள். வீடுகளில் இருந்த பெண்டு பிள்ளைகளை. நாளை இங்கே வருவார்கள் என்று இவர் சபையிலிருந்து சேதி கொண்டுவந்தார். "நாம என்ன பண்ண முடியும், மேலிடத்து விவகாரம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மத்தியானம் ஸ்வின்தா கீழே வந்தாள்.

"அம்மா, வாசல்ல இருக்கற பேரை அழிச்சிடலாமா?"

"சட்டப்படி குத்தம்டீ அது."

"அப்ப எங்களைச் சமையக்கட்டுல வச்சிருங்க. நான் அடிமைத் துணி கட்டிக்கறேன். இவ தலைக்குக் கரி பூசிடறேன். ஒரு நாள்தாம்மா."

"யோசிக்கறேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க உங்க புள்ளைய அவர் பார்த்துக்கறாரும்மா" என்றாள்.

மிரட்டுகிறாளா? மிரட்டுவது போலத்தான் இருந்தது. கெஞ்ச வந்தவள் கெஞ்ச வேண்டும், கணக்குச் சொல்லிக் காட்டக் கூடாது. கையை விடுவித்துக்கொண்டேன்.

சாயங்காலத்திலிருந்து நல்ல மழை.

ஆகஸ்ட் 29

முடிந்தது.

இதை லூப்பஸ் படிப்பான் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். காலையில் சிப்பாய்கள் வந்தார்கள். வீடு வீடாக வாசல் நிலையைப் படித்துக்கொண்டே வந்தார்கள். ராத்திரி மழையில் தெருவில் பாதிப் பெயர்கள் கரைந்துபோயிருந்தன. சில வீடுகளில் கரைந்ததா, கரைத்தார்களா என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்; கள்ளப் பத்திரக்காரர்கள். பெயர் இல்லாத வீட்டைச் சிப்பாய்கள் தாண்டிப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் சீக்கிரம் முடித்துச் சாப்பிடப் போக வேண்டும். நம் வாசலில் எழுத்து தெளிவாக இருந்தது. நேற்று எழுதியது போலக் கறுப்பாக இருந்தது. அது என்னவோ மழை நம் நிலைமேல் அடிக்கவில்லை.

டாமாவை உக்கிராணத்தில் வைத்துப் பூட்டியிருந்தேன். அவனுக்கு இளகின மனசு, குறுக்கே விழுந்து செத்துத் தொலைப்பான். புது அடிமை வாங்குகிற நிலையிலா இருக்கிறோம்?

"மேல" என்று மட்டும்தான் சொன்னேன். வேறு வார்த்தை நான் பேசவில்லை. ஸ்வின்தா அழவில்லை. குழந்தையின் முகத்தைத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். கில்டா திமிறிக்கொண்டு படியில் வந்து நின்று, "டாமா! சோம்பேறி! வாடா இங்க!" என்று கத்தினாள். என் குரலில். அப்படிக் கூப்பிட்டால் அவன் ஓடிவருவான் என்று அதற்குத் தெரியும். உக்கிராணக் கதவு கிடுகிடுவென்று ஆடியது, ஆனால் நல்ல கதவு.

வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன். பெயர் இல்லாமல் ஒளித்து வைத்து, பிடிபட்டால்? நம் எல்லோரையும் அல்லவா வெட்டுவார்கள். எந்தத் தாயும் இதைத்தான் செய்வாள்.

வலது கைவிரலில் கரி. தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகவில்லை. அடுப்பங்கரையில் எதையோ தொட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 30

வெயில் சுள்ளென்று அடிக்கிறது. தெருவில் கிடப்பதை யார் எடுப்பது என்று சபையில் ஒரு பொழுது முழுக்கச் சண்டை. குழி வெட்ட ஆள் இல்லை, ஆற்றில் போட்டால் குடிதண்ணீர் கெடும். இவர் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "காளவாய்தான் எரிஞ்சுகிட்டே இருக்கே" என்று நான்தான் சொன்னேன். சபையே என் புத்தியை மெச்சியதாம். சாயங்காலத்துக்குள் தெரு சுத்தம்.

செப்டம்பர் 3

மேல் அறையைக் காலி செய்தேன். ஸ்வின்தாவின் அம்பர் மணிமாலை ஒன்றும் நீலப் போர்வை ஒன்றும் இருந்தன. மாலை என் கழுத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது.

காளவாயிலிருந்து புதுச் சுண்ணாம்பு வந்தது. காளவாய்க்காரர் நம் வீட்டுக்கு இனாமாக அனுப்பியிருக்கிறார். ஊரில் பாதிப் பேர் இந்த வாரம் வெள்ளையடிக்கிறார்கள். டாமா அடிக்க மாட்டேன் என்று வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றான். இதுவரை ஒரு நாளும் என்னை எதிர்த்ததில்லை. சவுக்கைக் காட்டிய பிறகு அடித்தான், அழுதுகொண்டே அடித்தான். நல்ல வெண்மை. சமையல்காரி வாடை வருகிறது என்கிறாள், கிறுக்கச்சி.

நேற்று ராத்திரி டாமாவின் பெண்டாட்டியும் பெண்ணும் செத்துப்போனார்கள். ஒரே காய்ச்சல். வைத்தியரைக் கூப்பிடச் சொல்லி இரண்டு நாளாக நச்சரித்தான்தான். அடிமைக்கு வைத்தியர் வந்து நான் பார்த்ததில்லை. ஆற்றங்கரை மாவு மில்லுக்குப் பின்னால் புதைத்துவிட்டுப் பொழுது விடிவதற்குள் வேலைக்கு வந்துவிட வேண்டும் என்றேன். வந்துவிட்டான். அந்த விஷயத்தில் ஒழுங்கானவன்.

செப்டம்பர் 5

இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் அறையில் தூங்கினேன்.

செப்டம்பர் 11

தூக்கம் வரவில்லை. கணவாய்க்குச் செய்தி போயிருக்குமா? போகாமல் இருக்குமா? ஊர் ஊராக இப்படிச் செய்திருக்கிறார்கள். அத்தனை கோத்துப் படைக்காரர்களும் கொடியைக் கீழே போட்டுவிட்டு அவர்கள் ராஜாவிடம் போய்ச் சேருகிறார்களாம். இதை முன்னாலேயே யாரும் யோசிக்கவில்லையா என்று இவரைக் கேட்டேன். "யோசிக்கறதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம்" என்றார்.

லூப்பஸ் அங்கே அவர்கள் நடுவில் இருக்கிறான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று ஆள் அனுப்பினேன். போன ஆள் திரும்பவில்லை.

செப்டம்பர் 19

விதிமர் வந்துவிட்டான்.

வடக்கு வாசலுக்கு வெளியே ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கில் குதிரைகள். வாசலைச் சாத்திவிட்டோம், தெற்குச் சுவரில் குளியலறைக்குக் கல் எடுத்த ஓட்டையில் வைக்கோல் வண்டிகளை நிறுத்தியிருக்கிறோம். காவல் படை என்று ஊரில் ஒருவரும் இல்லை. பெண்டு பிள்ளைகளை வெட்ட வந்த சிப்பாய்கள் அன்றைக்கே போய்விட்டார்கள்.

என்னைத்தான் கூப்பிட்டான். சுவர்மேல் ஏறினேன். கீழே லூப்பஸ் நின்றான். கட்டுப் போடவில்லை. மெலிந்திருந்தான், ஆனால் ஆரோக்கியமாகத்தான் இருந்தான். தோளில் விதிமரின் கம்பளி.

விதிமர் கத்தவில்லை. சாதாரணமாகப் பேசினான், காற்று இல்லாததால் கேட்டது.

"அம்மா, எனக்கு எல்லாம் தெரியும். அவங்களை உயிரோட கேட்டு வரல. உடம்பைக் கேட்டு வந்திருக்கேன். எங்க ஆளுங்க உங்க புள்ளையக் கொல்லணும்னாங்க. நான் விடல. பொண்டாட்டியையும் புள்ளையையும் நான் என் கையால பொதைக்கணும். அவங்களைக் குடுங்க, இவனைக் கூட்டிட்டுப் போங்க."

"நாளைக்கு மறுநாள் தர்றேன்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

இறங்கி வரும்போது இவர், "என்னத்தைடீ தருவே? சுண்ணாம்பையா?" என்றார்.

செப்டம்பர் 20

வேறு வழி இல்லை. எந்தத் தாயும் இதைத்தான் செய்வாள்.

டாமாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மில்லுக்குப் பின்னால் போய் அவன் பெண்டாட்டியையும் பெண்ணையும் தோண்டி எடுக்க வேண்டும். பதினேழு நாள் ஆகிவிட்டது, முகம் தெரியாது. பெரியவள் உயரம் சரியாக இருக்கும். சின்னதும் ஐந்து வயதுதான். கடவுள் கருணை என்றுதான் சொல்ல வேண்டும், அளவு எடுத்தது போல அமைந்திருக்கிறது.

அவன் மம்மட்டியை எடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேற யாரையாவது அனுப்புங்கம்மா."

"வேற யாருக்கு இடம் தெரியும்?"

"அவ பேரு தெக்லாம்மா. புள்ள பேரு நோன்னா."

"நான் கேட்டனா?"

"பதினோரு வருஷம் உங்க வீட்ல வேலை செஞ்சா. ஒரு தடவைகூட நீங்க பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. அதான் சொன்னேன்."

லூப்பஸ் வந்ததும் உனக்கு விடுதலை தருகிறேன் என்றேன். அப்போதுதான் மம்மட்டியை எடுத்தான். பார்த்தாயா, எல்லோருக்கும் ஒரு விலை இருக்கிறது.

சாயங்காலம் தள்ளுவண்டியில் கொண்டுவந்து தோட்டத்தில் வைத்தான். மூக்கில் துணி கட்டிக்கொண்டு நானே நின்று பார்த்துச் சுற்றச் சொன்னேன். பெரியவளை நீலப் போர்வையில் சுற்றினோம். அம்பர் மாலையைக் கழற்றி அதன்மேல் வைத்தேன். மனசே இல்லை, ஆனாலும் நம்ப வைக்க வேண்டுமே.

செப்டம்பர் 21

லூப்பஸ் வந்துவிட்டான்! என் கண்மணி வந்துவிட்டான்!

டாமாவே கோவேறு கழுதையைப் பூட்டி வண்டியை வெளியே ஓட்டிக்கொண்டு போனான். சுவர்மேலிருந்து பார்த்தேன். விதிமர் துணியைத் திறப்பானோ என்று எனக்கு உயிரே இல்லை. அவன் திறக்கவில்லை. மாலையைப் பார்த்தான். போர்வைமேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு சின்ன மூட்டையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, குதிரைக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க, மாடு கதறுகிற மாதிரி அழுதான். லூப்பஸ் அவன் பக்கத்தில்தான் நின்றான். காற்றில் சின்ன மூட்டையின் தலைப்பக்கம் துணி விலகியது, லூப்பஸ் சட்டென்று அதை இழுத்து மூடினான். எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை.

விதிமர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். லூப்பஸை முதுகில் தட்டி வாசல் பக்கம் அனுப்பினான். குழி வெட்ட ஒத்தாசைக்கு டாமாவை மட்டும் நிறுத்திக்கொண்டான்.

பிள்ளைக்கு வாத்து அடித்துச் சமைத்தோம். மேல் அறையில் படுக்கை போட்டேன்.

செப்டம்பர் 22

லூப்பஸ் வாத்தைத் தொடவில்லை. மேல் அறையில் படுக்க மாட்டேன் என்று முற்றத்தில் கிடந்தான். காலையில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தலையைக் கோதினேன். தள்ளிப் படுத்தான்.

"அம்மா, அந்தக் கொழந்தைக்குக் கறுப்பு முடி."

வாத்துத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"துணி விலகுச்சே, அப்ப பார்த்தேன். நான் கத்தியிருக்கணும். 'இது கில்டா இல்ல'ன்னு சொல்லியிருக்கணும். அந்தாளு ரெண்டு வாரமா என்னைத் தன் கூடாரத்துல படுக்க வச்சு, வாசல்ல குறுக்க அவர் படுத்தார்மா. அவர் ஆளுங்க உள்ள வந்து என்னை வெட்டிடக் கூடாதுன்னு. அவருக்குத் தெரியாதுன்னா நினைக்கறீங்க, இங்க நடந்தது? தெரிஞ்சும்தான் படுத்தார்."

"நல்லவன்தான்" என்றேன்.

"நான் துணியை இழுத்து மூடினேன். உசுரு மேல ஆசை. உங்க புள்ளதானே நான்."

புத்தி வந்துவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. அவன் சொன்ன தொனி மட்டும் பிடிக்கவில்லை. சாப்பிட்டால் சரியாகிவிடும்.

செப்டம்பர் 23

டாமா திரும்பவில்லை. கோவேறு கழுதையும் திரும்பவில்லை. நல்ல கழுதை.

செப்டம்பர் 24

எழுத வேண்டுமா? எழுதுகிறேன்.

விடிந்ததும் வடக்கு வாசல் முன்னால் நம் வண்டி நின்றது. வண்டியில் அந்த இரண்டு மூட்டைகள். போர்வையும் இல்லை, மாலையும் இல்லை, புதுத் துணியில் ஒழுங்காகச் சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் டாமா நின்றான். அவனுக்குப் பின்னால் விதிமர்.

மூட்டையில் இருப்பது தன் பெண்டாட்டியும் பெண்ணும் என்று டாமா அவனிடம் சொல்லிவிட்டான். குழி வெட்டும்போது அவனும் அழுதிருக்கிறான். "நீ ஏன்யா அழறே?" என்று விதிமர் கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியை இந்த வீட்டில் யாரும் அவனிடம் கேட்டதில்லையாம். இதை வாசலில் கேட்டு வந்த சமையல்காரி பிறகு என்னிடம் சொன்னாள், என் முகத்துக்கு நேராக.

விதிமர் என்னோடு பேசவில்லை. இவரைக் கூப்பிட்டான், சபைத் தலைவர் என்ற முறையில். "நீங்க குடுத்தது உங்களுக்கே வந்திடுச்சு. நான் குடுத்ததைத் திருப்பிக் குடுங்க. மத்தியானத்துக்குள்ள. இல்லன்னா அந்த வைக்கோல் ஓட்டை வழியா நாங்களே வந்து எடுத்துக்கறோம்."

சபை கூடியது. நான் தெருவில் நின்றேன். உள்ளே உரக்கப் பேச்சுக் கேட்டது, பிறகு பேச்சே கேட்கவில்லை. வாத்தியார் வந்தார், என்னைப் பார்க்காமல் போனார். பாதிரியார் வந்தார், சிலுவை போட்டுக்கொண்டார். காளவாய்க்காரர், "ஒரு ஆளுக்காக ஊரைக் கொளுத்த முடியுமாம்மா, நீங்களே சொல்லுங்க" என்றார். நாயே, என் சோற்றைத் தின்றவன் நீ!

இவர் கடைசியாக வந்தார்.

"யாரும் எதிர்க்கலை" என்றார்.

"நீங்க? நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் தலைவர்டீ. ரெண்டு பக்கமும் சமமா வந்தாத்தான் தலைவருக்கு ஓட்டு. சமமா வரல."

அவர் மூஞ்சியில் அறைந்தேன். தடுக்கவில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்தேன், தெருவே பார்த்தது, அப்போதும் தடுக்கவில்லை. "சட்டப்படிதான் நடந்துச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு ஓடிவந்து லூப்பஸை உக்கிராணத்தில் வைத்துப் பூட்டப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். சபை ஆட்கள் கையைப் பிடிக்க வந்தார்கள்.

"விடுங்க, நானே நடந்து வர்றேன்."

"கண்ணா, போகாதடா! அம்மா சொல்றேன், போகாதடா!"

"அவர் என்னைப் பார்த்து ஒண்ணே ஒண்ணுதாம்மா கேப்பார். முடி கறுப்புன்னு தெரிஞ்சும் ஏன் மூடினேன்னு. அதுக்குப் பதில் சொல்லிட்டுப் போறேன்."

காலில் விழுந்தேன். பெற்றவள் நான், பிள்ளை காலில் விழுந்தேன். குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். நோகாமல்தான் பிரித்தான். வடக்கு வாசல் கதவை அவன் போன பிறகு மூடினார்கள், என்னைச் சுவர்மேல் ஏற விடவில்லை.

செப்டம்பர் 25

ஆற்றங்கரையில் ஒருவரும் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் தெற்கே போய்விட்டார்கள். அவர்கள் ராஜாவோடு சேர்ந்து ரோமாபுரிக்கே போகிறார்களாம். போகட்டும், எரிக்கட்டும். எனக்கென்ன?

இவர் கூடத்தில் இரண்டு பேரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். சாம்ராஜ்யம் ஏன் சரிகிறது என்று. வரிதான் காரணமாம்.

செப்டம்பர் 28

டாமா வந்தான். கதவைத் தட்டிவிட்டு வந்தான், உத்தரவுக்கு நிற்கவில்லை. இடுப்பில் கத்தி. தன் பெண்டாட்டியையும் பெண்ணையும் மில்லுக்குப் பின்னால் மறுபடி புதைத்துவிட்டு, நம் அடிமைகளைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான். சமையல்காரி ஏற்கெனவே மூட்டையோடு நின்றாள். எல்லோரும் போகிறார்கள். தடுக்க யார் இருக்கிறார்கள்? இவர் உக்கிராணத்துக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"டாமா, எம்புள்ள எங்க?" என்றேன்.

"கஷ்டப்படலம்மா. ஒரே வெட்டு. விதிமர் ஐயாதான் செஞ்சார், வேற யாரையும் தொட விடல. அப்புறம் அங்கயே உட்கார்ந்து அழுதார்."

"எங்கடா வச்சிருக்கீங்க?"

"குழி நான்தான் வெட்டினேன். ஆழமா வெட்டினேன். அவர் கம்பளியிலயே சுத்தி வச்சோம். ஆத்தங்கரையிலதான்."

"ஆத்தங்கரையில எங்க? எந்தப் பக்கம்? சொல்லுடா!"

"அதைச் சொல்ல மாட்டேம்மா."

மண்டியிட்டேன். அவன் காலைப் பிடித்தேன். விடுதலை தருகிறேன் என்றேன், அது அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டை எழுதித் தருகிறேன் என்றேன். டாமா ஐயா என்று கூடச் சொல்லிவிட்டேன். அவன் காலை விடுவித்துக்கொள்ளவில்லை, பொறுமையாக நின்றான்.

"விதிமர் ஐயா தன் பொண்டாட்டி புள்ளைய எங்க வச்சீங்கன்னு கேட்டார். நீங்க சொன்னீங்களா? மேல் அறைக்கு வெள்ளையடிச்சவன் நான். எனக்குத் தெரியும். நானும் அவர்கிட்ட அதைச் சொல்லல, சொன்னா அந்த மனுஷன் தாங்க மாட்டார். அவருக்குப் போய் நின்னு அழறதுக்கு ஒரு இடம் இல்ல. உங்களுக்கும் வேணாம்."

போய்விட்டார்கள். வீட்டில் அடுப்பு எரியவில்லை. மில்லிலிருந்து பாலம் வரை கரை முழுக்க ஒரே மாதிரி மணல், அவர்கள் குதிரைகளை மிதிக்கவிட்டுச் சமப்படுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். நாளை விடிந்ததும் மில் பக்கத்திலிருந்து தோண்ட ஆரம்பிப்பேன். மம்மட்டி பிடித்து எனக்குப் பழக்கமில்லை.